அம்மா கேட்ட இரண்டு கேள்விகளும் சிலிக்கான் கணக்கும்

இந்த முறை பாடத்தில் கணக்கு கொஞ்சம் கூடுதல். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது. படிவம் 5 இயற்பியலில் டையோடு, டிரான்சிஸ்டர் வரை வந்தவர்களுக்கு இது தாராளமாகப் புரியும்.

போன செமஸ்டர் குறைகடத்திப் பாடத்தின் இடைத்தேர்வில் நான் வாங்கியது 40-க்கு 11. அதில் 8 மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு முழு முட்டை. அந்த வாரக் கடைசியில் கூலிமில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கே சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உலைப் பிரிவில் வேலை செய்கிறார், 19 வருடமாக. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தவர், மேசைமேல் கிடந்த விடைத்தாளில் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன கேட்டிருந்தாங்க பாப்பா?" என்றார்.

"போரான் இருக்கிற சிலிக்கான்ல பாஸ்பரஸ் போட்டா என்ன ஆகும்னு கேட்டிருந்தாங்கம்மா."

அம்மா மைலோ கலக்கிக்கொண்டே சிரித்தார். "அதைத்தானே நாங்க தினமும் பண்றோம். எனக்கே ரெண்டு சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு. போரான் போட்டு வர்ற வேஃபர்ல எதுக்குத் திரும்பப் பாஸ்பரஸ் போடுறாங்க? ஒண்ணு இன்னொண்ண அழிச்சிடாதா? அப்புறம், எங்க உலைக்கு வரும்போது புதுசா எதுவும் சேர்க்கிறது இல்ல. வெறும் நைட்ரஜன் ஓடும். அதுல மணிக்கணக்கா ஏன் வேக வைக்கிறோம்?"

இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டு மின்னணுப் பொறியியல் மாணவிக்கு! முதல் கேள்விதான் நான் முட்டை வாங்கிய கேள்வி என்பது அன்றைக்குச் சாயந்தரம்தான் உறைத்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். சிலிக்கானில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 × 10²² அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் தன் நான்கு வெளி எலெக்ட்ரான்களையும் பக்கத்து நான்கு அணுக்களோடு பிணைப்பில் வைத்திருக்கிறது. அறை வெப்பத்தில் சில பிணைப்புகள் மட்டும் தற்செயலாக உடையும். உடைந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபடும், அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலி இடத்தைத்தான் துளை என்கிறோம். தூய சிலிக்கானில் இப்படி விடுபட்ட எலெக்ட்ரான்கள் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10¹⁰, துளைகளும் அதே 10¹⁰. (பழைய பாடநூல்களில் 1.5 × 10¹⁰ என்று இருக்கும். தேர்வில் உங்கள் விரிவுரையாளர் எதைக் கொடுக்கிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வம்பு வேண்டாம்.) 10¹⁰ என்றால் பெரிதாகத் தெரியும். ஆனால் 5 × 10²² அணுக்களுக்கு நடுவில் அது ஒன்றுமே இல்லை. தூய சிலிக்கானின் மின்தடை எண் இரண்டு மூன்று லட்சம் ஓம்-சென்டிமீட்டர். அதை வைத்து ஒரு சாதனமும் செய்ய முடியாது.

அதனால்தான் மாசூட்டல், அதாவது டோப்பிங். ஐந்து வெளி எலெக்ட்ரான் உள்ள பாஸ்பரஸ் அணு சிலிக்கானின் இடத்தில் உட்கார்ந்தால் நான்கு எலெக்ட்ரான் பிணைப்புக்குப் போகும், ஐந்தாவது மிச்சம். அதைப் பிரித்தெடுக்க 0.045 எலெக்ட்ரான் வோல்ட் போதும். சிலிக்கானின் சொந்தப் பிணைப்பை உடைக்க 1.12 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆக, அறை வெப்பத்திலேயே அநேகமாக எல்லா பாஸ்பரஸ் அணுவும் தன் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடும். போரானுக்கு மூன்றுதான், அது ஓர் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஒரு துளையை விடும். முன்னது என்-வகை, பின்னது பி-வகை.

என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் இங்கே தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "அக்கா, அப்போ என்-வகைத் துண்டு நெகட்டிவ் சார்ஜ்லதானே இருக்கும்?" இல்லை. பாஸ்பரஸ் தன் 15 புரோட்டானோடும் 15 எலெக்ட்ரானோடும்தான் உள்ளே வந்தது. எலெக்ட்ரான் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது, வெளியே போகவில்லை. மொத்தத்தில் துண்டு நடுநிலையாகத்தான் இருக்கிறது.

இப்போது அம்மாவின் கைக்கு வரும் வேஃபர். சாதாரணமாக அது போரான் போட்ட, 10 ஓம்-சென்டிமீட்டர் அளவுள்ள பி-வகை. இதற்குக் கன சென்டிமீட்டருக்கு 1.3 × 10¹⁵ போரான் வேண்டும். 5 × 10²²-ஐ இதனால் வகுத்துப் பாருங்கள்: 38 மில்லியன் சிலிக்கான் அணுவுக்கு ஒரு போரான். மலேசியாவின் மக்கள்தொகையே ஏறத்தாழ 34 மில்லியன்தான். நாட்டு மக்கள் எல்லாரும் சிலிக்கான் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆள்கூடப் போரானாக இருக்க மாட்டார். அந்த ஒன்றுதான் மின்தடை எண்ணைப் பல்லாயிரம் மடங்கு குறைக்கிறது.

அவ்வளவு குறைவாக எப்படிச் சேர்ப்பது? இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ சிலிக்கானை உருக்குகிறோம், 1414 டிகிரி செல்சியசுக்கு மேலே. உருகிய சிலிக்கானின் அடர்த்தி ஏறத்தாழ 2.5, ஆகவே கன அளவு 40,000 கன சென்டிமீட்டர். ஒரு சின்னப் படிகத்தை அதில் தொட்டுச் சுழற்றி மெல்ல மேலே இழுத்தால் அதோடு ஒட்டி உறைந்து பெரிய உருளைப் படிகம் வளரும். யான் சொக்ரால்ஸ்கி என்ற போலந்துக்காரரின் பெயரால் வழங்கும் முறை இது. உறையும்போது போரான் முழுவதும் திடப்பகுதிக்குள் வராது. திரவத்தில் இருக்கும் செறிவில் 0.8 பங்குதான் உள்ளே வரும். எனவே திரவத்தில் 1.3 × 10¹⁵-ஐ 0.8-ஆல் வகுத்து, ஏறத்தாழ 1.6 × 10¹⁵ இருக்க வேண்டும். அதை 40,000-ஆல் பெருக்கினால் 6.5 × 10¹⁹ அணுக்கள். அவகாட்ரோ எண்ணால் வகுத்து, போரானின் அணு நிறை 10.81-ஆல் பெருக்கினால்?

1.2 மில்லிகிராம்.

நான் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், தசமப் புள்ளி எங்கேயோ வழுக்கிவிட்டது என்று நினைத்து. இல்லை, சரிதான். 100 கிலோவுக்கு 1.2 மில்லிகிராம். சீனி டப்பாவில் விரலை வைத்து எடுத்தால் ஒட்டியிருக்குமே, இரண்டு மூன்று துகள், அவ்வளவுதான். அதை யாரும் நேரடியாக நிறுத்துப் போடுவதில்லை. முன்கூட்டியே அதிகமாகப் போரான் கலந்த சிலிக்கானைச் செய்து, உடைத்து வைத்திருப்பார்கள். அதில் கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ போரான் இருந்தால், நமக்குத் தேவை 15 கிராம் துண்டு. அதை நிறுப்பது சுலபம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கட்டிப் பெருங்காயத்த மாவு சேர்த்துப் பொடியாக்கி விக்கிறானே, அது மாதிரியா?" என்று கேட்டார். அதே மாதிரிதான். சுத்தப் பெருங்காயத்தை ரசத்துக்கு அளந்து போட யாரால் முடியும்? மாவோடு கலந்திருந்தால் கால் கரண்டி என்று சொல்லலாம்.

அந்த 0.8 பற்றி இன்னும் கொஞ்சம். பள்ளிக்கூட வாசலில் வாங்கி உறிஞ்சுவோமே, பிளாஸ்டிக் குழாயில் உறைந்த சிரப் ஐஸ்? ஃபிரீசரில் அது பாதி உறைந்திருக்கும்போது வெட்டிப் பாருங்கள். முதலில் உறைந்த ஐஸ் வெளுப்பாக இருக்கும், மிச்சத் தண்ணீரில் சிரப் கெட்டியாகத் தேங்கியிருக்கும். சிலிக்கானிலும் அதே கதை. உள்ளே வராமல் ஒதுங்கிய போரான் மிச்சத் திரவத்தில் சேர்ந்துகொண்டே போவதால், படிகத்தின் தலைப்பக்கத்தைவிட வால்பக்கத்தில் செறிவு கூடும். 90 சதவீதம் உறைந்து முடிந்த இடத்தில் போரான் 1.6 மடங்கு. பாஸ்பரசுக்கு அந்த எண் 0.8 அல்ல, 0.35. ஆகையால் அதே இடத்தில் பாஸ்பரஸ் 4.5 மடங்கு ஆகிவிடும். தலையில் 10 ஓம்-சென்டிமீட்டர் என்று தொடங்கினால் வாலில் இரண்டு சொச்சம். வேண்டிய செறிவு படிகம் முழுக்க ஓரளவு ஒரே மாதிரி கிடைக்க வேண்டும் என்றால் போரான்தான் வசதி.

ஒதுங்கிப் போகும் இந்தக் குணம் தொல்லை மட்டும் தரவில்லை. 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் ஒரு சிலிக்கான் துண்டை ஆராய்ந்தபோது, அதன்மேல் வெளிச்சம் பட்டதும் மின்னழுத்தம் எழுந்தது. காரணம், உருக்கி ஆறவைத்தபோது மாசுகள் தாமாகவே பிரிந்து, ஒரு பக்கம் பி-வகையாகவும் மறுபக்கம் என்-வகையாகவும் ஆகியிருந்தது. நாம் படிக்கும் பி-என் சந்திப்பு முதன்முதலில் கண்ணில் பட்டது அப்படித்தான், யாரும் திட்டமிட்டுச் செய்யாமலே.

சரி, அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். போரான் இருக்கும் இடத்தில் பாஸ்பரஸ் போட்டால் ஒன்று இன்னொன்றை அழித்துவிடாதா?

தேர்வில் கொடுத்திருந்த எண்கள்: போரான் 10¹⁶, பாஸ்பரஸ் 3 × 10¹⁶. எலெக்ட்ரான் எவ்வளவு, துளை எவ்வளவு, மின்தடை எண் என்ன? நான் எழுதியது: எலெக்ட்ரான் 3 × 10¹⁶, துளை 10¹⁶. பாஸ்பரஸ் எலெக்ட்ரான் கொடுக்கும், போரான் துளை கொடுக்கும், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இங்கேதான் கோட்டை விட்டேன். எலெக்ட்ரானும் துளையும் சந்தித்தால் எலெக்ட்ரான் அந்தக் காலி இடத்தில் விழுந்து இரண்டும் காணாமல் போய்விடும். சமநிலையில் இரண்டின் செறிவையும் பெருக்கினால் எப்போதும் தூய சிலிக்கானில் வந்த அதே பெருக்கற்பலன் வர வேண்டும், அதாவது 10¹⁰ × 10¹⁰ = 10²⁰. நான் எழுதியதைப் பெருக்கினால் 3 × 10³². எவ்வளவு தூரம் தள்ளி! விடையை எழுதிய பிறகு ஒரே ஒரு பெருக்கல் போட்டிருந்தால் தப்பு அங்கேயே தெரிந்திருக்கும்.

சரியான வழி கழித்தல். 3 × 10¹⁶-இலிருந்து 10¹⁶-ஐக் கழித்தால் 2 × 10¹⁶ எலெக்ட்ரான். துளை, 10²⁰-ஐ 2 × 10¹⁶-ஆல் வகுத்தால் 5000. ஆமாம், வெறும் 5000, பின்னால் அடுக்கு எதுவும் இல்லை. பாஸ்பரஸ் வருமுன் அங்கே 10¹⁶ துளைகள் இருந்தன.

ஆனால் அம்மா கேட்ட "அழிச்சிடாதா"வுக்குப் பதில் இதோடு முடியவில்லை. அழிவது துளைதான். போரான் அணு அங்கேயேதான் இருக்கிறது, ஓர் எலெக்ட்ரானை வாங்கி வைத்துக்கொண்டு எதிர்மின் அயனியாக. ஓடும் எலெக்ட்ரான்களை அதுவும் திசை திருப்பும், பாஸ்பரஸ் அயனியும் திசை திருப்பும். இதனால் எலெக்ட்ரான் எவ்வளவு லகுவாக ஓடும் என்பதைச் சொல்லும் இயக்க எண்ணை அட்டவணையில் தேடும்போது, கழித்து வந்த 2 × 10¹⁶-க்கு நேரே பார்க்கக் கூடாது. கூட்டி வரும் 4 × 10¹⁶-க்கு நேரே பார்க்க வேண்டும். ஊர்திகளை எண்ணும்போது கழித்தல், தடைகளை எண்ணும்போது கூட்டல். முதலாவதுக்கு நேரே பார்த்தால் ஏறத்தாழ 1070, மின்தடை எண் 0.29 ஓம்-சென்டிமீட்டர் என்று வரும். சரியானது ஏறத்தாழ 930, அதாவது 0.33. வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றலாம். எங்கள் வகுப்பில் முதல் பாதியைச் சரியாகச் செய்த ஏழெட்டுப் பேர் இந்த இடத்தில்தான் இரண்டு மதிப்பெண் விட்டார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். பத்துப் போரானையும் பத்துப் பாஸ்பரசையும் போட்டுச் சரிக்கட்டிய சிலிக்கான், தூய சிலிக்கான் ஆகாது. ஊர்தி எண்ணிக்கை ஒன்றாக வந்தாலும் உள்ளே இருக்கும் கூட்டம் வேறு. மேலும் இரண்டு பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன எண்ணைப் பெற முயன்றால், ஏதாவது ஒன்றில் சின்னப் பிழை வந்தாலும் விடை தலைகீழாகும். அதனால் தொழிற்சாலையில் முதலில் குறைவாகப் போட்டுத் தொடங்கி, அடுத்தடுத்து வருவதை அதைவிடப் பல மடங்கு கூடுதலாகப் போடுவார்கள். 1.3 × 10¹⁵ போரான் உள்ள வேஃபரில் சில இடங்களில் மட்டும் பாஸ்பரசை 10¹⁶, 10¹⁷ என்ற அளவில் செலுத்தினால் போரான் ஒரு பொருட்டே இல்லை. பி-வகைத் தரையில் என்-வகைக் குளம் வெட்டியது போல. ஒரே சிப்பில் இரண்டு வகை டிரான்சிஸ்டரும் வேண்டும் என்பதால்தான் இந்த வேலை.

இரண்டாவது கேள்வி: எதுவும் சேர்க்காமல் ஏன் வேக வைக்கிறோம்?

உலைக்கு வருமுன் வேறொரு பிரிவில் பாஸ்பரஸ் அயனிகளை வேகமூட்டி வேஃபருக்குள் அடித்திருப்பார்கள். அங்கே கணக்கு கன சென்டிமீட்டரில் இல்லை, சதுர சென்டிமீட்டரில்: பரப்பில் எத்தனை அணு விழுந்தது என்று. 10¹³ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அயனியும் ஒரு மின்னூட்டத்தைக் கொண்டு வருவதால், வந்த மின்னோட்டத்தை நேரத்தோடு சேர்த்து அளந்தாலே அணுக்களை எண்ணிவிடலாம். தராசே வேண்டாம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் அடித்ததும் வேலை முடியவில்லை. அயனிகள் முட்டி மோதியதில் மேல் அடுக்கில் படிக ஒழுங்கு குலைந்து கிடக்கும். பாஸ்பரஸ் பலவும் சிலிக்கானின் இடத்தில் உட்காமல் இடுக்குகளில் நிற்கும். இடுக்கில் நிற்கும் பாஸ்பரஸ் எலெக்ட்ரான் கொடுக்காது. சூடாக்கினால்தான் படிகம் சீராகும், பாஸ்பரசும் உரிய இடத்தில் உட்காரும். அதோடு, எல்லாம் மேலோட்டமாக இருப்பதால் ஆழத்துக்குப் பரவவும் வேண்டும். 1100 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தால் பாஸ்பரஸ் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் ஆழம் வரை இறங்கும். அதே 10¹³ அணு இப்போது 2 மைக்ரோமீட்டரில் பரந்திருக்கிறது. சராசரி வேண்டுமா? 10¹³-ஐ 2 × 10⁻⁴ சென்டிமீட்டரால் வகுங்கள்: 5 × 10¹⁶. மேற்பரப்பில் இதைவிடக் கூடுதல், 1.2 × 10¹⁷-க்குப் பக்கம். ஆழம் போகப் போகக் குறையும். எதையும் சேர்க்காமலே செறிவு மாறுவது இப்படித்தான். மொத்தம் அதே, இடம்தான் கூடுகிறது.

நேரத்தை நான்கு மடங்காக்கினால் பரவும் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். வெப்பம் அப்படி இல்லை. 1100-க்குப் பதில் 1110 ஆனால் பாஸ்பரசின் பரவல் எண் கிட்டத்தட்டக் கால் பங்கு கூடிவிடும். "அதான் உலை ரெண்டு டிகிரி ஏறினாலும் இஞ்சினியருங்க ஓடி வர்றாங்களா!" என்றார் அம்மா. 19 வருடமாகப் பார்த்த ஓட்டத்துக்குக் காரணம் தெரிந்த மாதிரி ஒரு முகம்.

பிறகு அவர் வேலையின் கடைசிப் படியைச் சொன்னார். உலையிலிருந்து எடுத்த சோதனை வேஃபரின்மேல் நான்கு ஊசிகளை வைத்து அளப்பார்களாம். வரும் எண்ணைப் பதிந்துவிட்டு, வரம்பைத் தாண்டினால் அந்த லாட்டை நிறுத்திவைக்க வேண்டும். "அந்த நம்பர் என்னன்னு யாரும் சொன்னதில்ல." நான் சொன்னேன்: வெளி இரண்டு ஊசி மின்னோட்டம் விடும், உள் இரண்டு ஊசி மின்னழுத்தம் பார்க்கும். வருவது தகட்டு மின்தடை. 10¹³ பாஸ்பரசுக்கு அது 700, 800 ஓம் அளவில் இருக்கும். அது ஆழத்தைவிட, மொத்தம் எத்தனை பாஸ்பரஸ் எலெக்ட்ரான் கொடுத்தது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது.

அம்மா விடவில்லை. "அப்ப அதே டோஸ் போட்டு, கூட நேரம் வேக வெச்சா நம்பர் மாறாதா? அடுத்த வாரம் இஞ்சினியருங்க அப்படி ஒரு டிரையல் ஓட்டப் போறாங்க."

யோசித்தேன். மொத்த எலெக்ட்ரான் அதே. ஆனால் பரந்து கிடப்பதால் நெருக்கம் குறையும், இயக்க எண் கொஞ்சம் ஏறும், எனவே தகட்டு மின்தடை கொஞ்சம் இறங்கும். பாதியாகாது. நான்கு மடங்கு நேரம் வைத்தாலும் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கினால் அதிகம். அப்படியே சொல்லி, ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவிட்டேன். மறுதேர்வுக்கு முன்னால் எனக்கு அது ஒரு பரீட்சை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அம்மாவிடமிருந்து போன். பின்னால் தொழிற்சாலை பஸ்ஸின் சத்தம்.

"என்னம்மா, எவ்வளவு வந்துச்சு?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது பாப்பா, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்சமாத்தான் இறங்கியிருக்கு" என்றார்.